முப்பத்திரண்டாம் மண்டையோடு

"என் வீட்டுக்காரர் மண்டையோட்டை உடைச்சாராம்! கேட்டீங்களா இந்தக் கூத்தை?"

வணக்கமும் இல்லை, உட்காரலாமா என்ற கேள்வியும் இல்லை. காலை பத்து மணிக்கு அந்த அம்மாள் துப்பறிவாளர் அறைக்குள் நுழைந்த வேகத்தில் மேசை மேலிருந்த செய்தித்தாள் கீழே விழுந்தது. துப்பறிவாளர் அதைக் குனிந்து எடுத்து, நான்காக மடித்து, பழைய இடத்தில் வைத்தார். இந்த நிதானத்துக்காகவே ஊர் அவருக்கு ஆமை என்று பெயர் வைத்திருந்தது. நேரில் சொல்லக் கூசுகிறவர்கள் மரியாதைக்கு ஆமையார் என்பார்கள்.

அவருக்கு நேர்மாறு அவருடைய மைத்துனர். மனைவியின் தம்பி. காப்பீட்டு அலுவலக வேலையை உதறிவிட்டு அத்தானோடு ஒட்டிக்கொண்டு ஆறு வருடம் ஆகிறது. அத்தான் முதல் படியில் கால் வைப்பதற்குள் இவர் மாடி ஏறி இறங்கியிருப்பார், பெரும்பாலும் அடுத்த வீட்டு மாடியில்.

"உட்காருங்கம்மா," என்றார் ஆமையார்.

"உட்கார நேரமில்லைங்க. அஞ்சு மணிக்குள்ள ஒத்துக்கலைன்னா போலீசைக் கூப்பிடுவேன்னு இயக்குநர் சொல்லிட்டாரு. இருபத்திரண்டு வருஷமா அந்த எலும்புக் கிடங்குக்குக் காப்பாளரா இருக்கிற மனுஷன். ஒரு நாள் லீவு போட்டதில்லை. நல்லா இருக்குங்க நியாயம்!"

விஷயம் துண்டு துண்டாக வந்தது. அவள் கணவர் வேலை செய்வது ஓர் ஆய்வு நிலையத்தில். பழங்காலத்தில் மனிதர்கள் எப்படிச் சண்டை போட்டார்கள், எப்படிச் செத்தார்கள் என்று எலும்புகளை வைத்து ஆராயும் இடம். மூவாயிரம் வருடம் பழைய குழி ஒன்றில் கிடைத்த அறுபத்தோரு மண்டையோடுகள்தான் அதன் பெருமை. அவற்றில் ஒன்பதை வெளியூர் ஆய்வாளர் ஒருவர் இன்று மூன்று மணிக்குச் சோதிக்க வருகிறார். இன்று காலை கிடங்கைத் திறந்தால் ஜன்னல் கண்ணாடி நொறுங்கி, பெட்டிகள் கவிழ்ந்து, முப்பத்திரண்டாம் எண் மண்டையோடு சில்லுச் சில்லாகக் கிடக்கிறது.

"சரி, உங்க வீட்டுக்காரர் மேல ஏன் சந்தேகம்?" என்று மைத்துனர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

அந்த அம்மாள் அப்போதுதான் உட்கார்ந்தாள்.

"போன மாசம் வாசல்ல ஒரு கூட்டம் கொடி பிடிச்சு நின்னுச்சு, செத்தவங்களைத் தோண்டாதேன்னு. நான் சாப்பாடு கொண்டுபோனவ, கொடுத்துட்டுப் பேசாம வந்திருக்கலாம்ல? 'நீங்க சொல்றதும் சரிதாம்ப்பா, செத்த பிறகாவது நிம்மதியா விடக்கூடாதா'ன்னு இயக்குநர் காதுபடவே சொல்லித் தொலைச்சேன். இப்ப, பெண்டாட்டி பேச்சைக் கேட்டு அவர்தான் அந்தக் கூட்டத்துக்குக் கதவைத் திறந்துவிட்டாருங்கறாங்க. என் வாய்தாங்க அவரை மாட்டிவிட்டுடுச்சு." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவர் எலும்பைத் தொடவே மாட்டாருங்க. தொட்ட கையோட என் அடுப்படிக்கு வராதீங்கன்னு வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே சொல்லிட்டேன். பெட்டியை எடுப்பாரு, வைப்பாரு. அவ்வளவுதான்."

ஆமையார் எழுந்து செருப்பை மாட்டினார். மைத்துனர் ஏற்கெனவே தெருவில் நின்று ஆட்டோவுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார்.

*

நிலையத்தின் இயக்குநர் ஏதோ பல்வலிக்காரர் மாதிரி ஒரு கையால் கன்னத்தைத் தாங்கியபடி வரவேற்றார். "பாருங்க, எனக்கு யார் மேலயும் பகை இல்லை. கிடங்குக்கு ரெண்டே சாவி. ஒண்ணு காப்பாளர்கிட்ட, இன்னொண்ணு பேராசிரியைகிட்ட. ஜன்னல்ல கம்பி இருக்கு, பூனைகூட நுழைய முடியாது. காலையில கதவு பூட்டியே இருந்துச்சு. அப்படின்னா சாவி வச்சிருக்கிறவர்தானே திறந்து மூடியிருக்கணும்? பேராசிரியை பத்து வருஷம் உழைச்சது இந்த மண்டையோடுகளுக்காக. தன் வீட்டுக்குத் தானே யாராவது தீ வைப்பாங்களா?"

பேச்சு நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல். தப்பான பேச்சு தப்பான முகத்தோடு வந்தால் யாருக்கும் கஷ்டமில்லை.

கிடங்குக்கு வெளியே பெஞ்சில் காப்பாளர் உட்கார்ந்திருந்தார். மனைவியைப் பார்த்ததும், "நீ எதுக்கு வந்தே? மாத்திரை போட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

உள்ளே நீள மேசை. சுற்றிலும் கூரைவரை அட்டைப்பெட்டி அடுக்குகள். சோதனைக்காக நேற்று மாலை காப்பாளர் மேசையில் எடுத்துவைத்த ஒன்பது பெட்டிகளும் கவிழ்ந்து, பஞ்சும் தாளும் தரை முழுக்கப் பறந்து கிடந்தன. எட்டு மண்டையோடுகள் சுவரோரமாகத் தரையில் இருந்தன. ஒன்று சுவரைப் பார்த்தது, ஒன்று கதவைப் பார்த்தது, ஒன்று கூரையைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. மேசைக்கு அடியில் முப்பத்திரண்டின் சில்லுகள். மூலையில் ஒரு ஸ்டூலின் மேல் மேசை விசிறி.

"தாறுமாறா எறிஞ்சிருக்கானுங்க, அத்தான்!" என்றார் மைத்துனர். "கோபக்காரக் கூட்டம். ஜன்னலை உடைச்சு, கம்பிக்குள்ள கம்பு விட்டு, பெட்டியைத் தட்டி..."

"எறிஞ்சது ஏன் உடையலை, மாப்பிள்ளை?"

மைத்துனர் குனிந்து பார்த்தார். எட்டு மண்டையோடுகளுக்கு அடியிலும் துணியைச் சுருட்டிச் செய்த வளையம் இருந்தது, தலைச்சுமைக்கு வைக்கும் சும்மாடு மாதிரி. வளையங்களில் இரண்டு மூன்றின் ஓரத்தில் மங்கலாகப் பழுப்புக் கோடு.

"அது எங்க பழக்கம்," என்றது வாசலிலிருந்து ஒரு குரல். பேராசிரியை. நாற்பத்தைந்து வயதிருக்கும். கண்கள் தூங்கவில்லை என்று பார்த்ததும் தெரிந்தது. "மண்டையோட்டை வெறுந்தரையில வைக்கக் கூடாது, அடியில விரிசல் விட்டுடும். முதல் நாளே சொல்லிக்கொடுப்போம். காப்பாளர் அண்ணனுக்கும் அது தெரியும்." கடைசி வாக்கியத்தைச் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

வெளியே பெஞ்சில் இருந்த அண்ணன் அதைக் கேட்டார். அவர் மனைவிதான் முணுமுணுத்தாள், நல்லவேளையாகக் காதில் விழாத அளவுக்கு.

ஆமையார் அறை நடுவே சம்மணமிட்டு உட்கார்ந்தார். இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு. ஆமையார் ஒவ்வொரு மண்டையோடாகப் பார்த்தார், பிறகு விசிறியைப் பார்த்தார், மறுபடி மண்டையோடுகளைப் பார்த்தார். எழுந்தபோது மணி பன்னிரண்டரை. மைத்துனருக்கு முடியைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது, பிய்த்துக்கொள்ளத்தான் அதிகமில்லை.

"இந்த ஒன்பதுல அப்படி என்னம்மா விசேஷம்?" என்று ஆமையார் பேராசிரியையைக் கேட்டார்.

"ராஜாவும் படையும் வந்த பிறகுதான் போர் வந்துச்சு, அதுக்கு முன்னாடி மனுஷன் அமைதியா இருந்தான்னு ஒரு கட்சி. இல்லை, எப்பவும் வெட்டிக்கிட்டுத்தான் இருந்தான்னு இன்னொரு கட்சி. இந்தக் குழி ராஜாக்களுக்கு ரொம்ப முந்தினது. அறுபத்தொண்ணுல பத்தொன்பது பேர் அடிபட்டுச் செத்தாங்கன்னு நான் எழுதினேன். கிட்டத்தட்ட மூணுல ஒண்ணு. உலகம் பூரா அந்தக் கணக்கை எடுத்துப் பேசறாங்க." அவள் குரலில் பெருமை இல்லை, களைப்புதான் இருந்தது. "அந்தப் பத்தொன்பதுல ஒன்பது சந்தேகம்னு இன்னைக்கு வரப்போறவர் எழுதியிருக்கார். தோண்டும்போது மண்வெட்டி பட்ட காயமா இருக்கலாமாம்."

பேசிப் பேசித் தொண்டை காய்ந்தது போலும். தன் அறைக்கு அழைத்துப்போய்ப் பிளாஸ்கிலிருந்து ஒரு குவளை ஊற்றினாள். இளம் பழுப்பாக ஆவி பறந்தது.

"டீயா மேடம்? எனக்கும் ஒரு வாய்..." என்றார் மைத்துனர்.

"வெந்நீர். வயித்துப்புண். டீயைத் தொட்டே ரெண்டு வருஷமாச்சு." ஒரு மிடறு குடித்தவள் முகத்தைச் சுளித்து, மீதியைக் கழுவுதொட்டியில் கொட்டினாள்.

*

மதியம் ஆமையார் நிலையத்தின் ஓவியரைத் தேடிப் போனார். ஒவ்வொரு எலும்பையும் பார்த்து அச்சு அசலாக வரைவதுதான் அவர் வேலை. நிழற்படத்தில் தெரியாதது ஓவியத்தில் தெரியும் என்பது இந்தத் துறையின் நம்பிக்கை. ஓவியர் ஒரு மனக்குறைக் களஞ்சியம். தொட்டால் போதும், கொட்டிவிடுவார்.

"மூணு வருஷம் சார்! அறுபத்தொரு படம், ஒவ்வொண்ணும் வண்ணத்துல. பழைய எலும்புல எத்தனை பழுப்பு இருக்கு தெரியுமா? பதினாலு! எல்லாத்தையும் கலந்து வரைஞ்சா, புத்தகத்துல கறுப்பு வெள்ளையில போட்டுட்டாங்க. ஏன்னு கேட்டா அச்சகம் அப்படித்தானாம். பேராசிரியை அம்மாகூட மூலப்படத்தை ஒரு தடவை எடுத்துப் பார்த்ததில்லை. அவங்களுக்கு அளவு போதுமாம். வண்ணம் எனக்கு மட்டும்தானாம்!"

"பழைய காயத்துக்கும் புதுக் காயத்துக்கும் வண்ணத்துல வித்தியாசம் இருக்குமா?"

"இருக்காதா பின்னே? பழைய நாற்காலிக் கால் இன்னைக்கு ஒடிஞ்சா உள்ளே மரம் வெளுப்பா தெரியுமில்லையா, அதே கதைதான். அன்னைக்கே விழுந்த வெட்டுன்னா, விளிம்பும் எலும்போட சேர்ந்து மண்ணுல கிடந்து கறுத்திருக்கும். மண்வெட்டி பட்டதுன்னா விளிம்பு வெளுத்திருக்கும்."

"அந்த ஒன்பது படத்தையும் கொஞ்சம் இரவலா தர்றீங்களா?"

மூன்று வருடத்தில் முதல் தடவையாக ஒருவர் கேட்கிறார். ஓவியர் அட்டை உறையைத் துடைத்துத் துடைத்து எடுத்துக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் மைத்துனர் வெடித்தார். "அத்தான், மணி ரெண்டேமுக்கால்! கொடி பிடிச்ச ஆளுங்களைப் போய் விசாரிக்கலாம்னா, நீங்க படம் பார்க்கிறீங்க. அந்த மனுஷனைக் கூட்டிட்டுப் போகப் போறாங்க!"

"தெரியும் மாப்பிள்ளை. எனக்கும் வயித்தெரிச்சல்தான். என் எரிச்சல் வெளியே தெரியாது, அவ்வளவுதான்."

*

மூன்று மணிக்கு வெளியூர் ஆய்வாளர் வந்தார். கைப்பை, உருப்பெருக்கிக் கண்ணாடி, சளி. நடந்ததைக் கேட்டு வருத்தப்பட்டார். எட்டு மண்டையோடுகளையும் மேசையில் வைத்து, ஒவ்வொன்றாகக் கண்ணாடி வழியே பார்த்தார். விளிம்புகள் எல்லாம் பழுப்பு. அவர் தலையைச் சொறிந்தார்.

"நிழற்படத்துல பார்த்து நான்தான் தப்பா நினைச்சிட்டேன் போலிருக்கு. பழைய காயம் மாதிரிதான் தெரியுது."

"ஒரு நிமிஷம் ஐயா," என்றார் ஆமையார். "எல்லாரையும் உள்ளே கூப்பிடலாமா?"

இயக்குநர், பேராசிரியை, ஓவியர், காப்பாளர் எல்லோரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். காப்பாளரின் மனைவி கதவுநிலையில் சாய்ந்தாள். உள்ளே வரமாட்டேன் என்று முன்பே சொல்லிவிட்டாள்.

"காலையில எட்டு மண்டையோடும் தரையில எட்டுப் பக்கம் பார்த்துக்கிட்டு இருந்துச்சு," என்று ஆமையார் மெதுவாக ஆரம்பித்தார். "என் மைத்துனர் எறிஞ்சதுன்னார். நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன். அப்புறம் முகத்தை விட்டுட்டுக் காயத்தைப் பார்த்தேன். பின்மண்டையில காயம் இருக்கிறது சுவரைப் பார்த்துச்சு, இடப்பக்கம் காயம் இருக்கிறது கதவைப் பார்த்துச்சு. ஆனா எட்டுக் காயமும் ஒரே மூலையைப் பார்த்துச்சு. விசிறி இருந்த மூலை."

மைத்துனரின் வாய் திறந்தது. திறந்தபடியே இருந்தது.

"யாரோ ஈரக் காயத்தைக் காய வச்சிருக்காங்க. எதனால ஈரம்? துணி வளையத்துல பழுப்புக் கறை இருக்கு. டீ டிகாக்ஷன். வெளுத்த விளிம்பைப் பழசாக் காட்ட அதைவிடச் சுலபமான சாயம் உண்டா? கொடி பிடிச்சவனுக்கு இந்தக் காயம் பழசா இருந்தா என்ன, புதுசா இருந்தா என்ன? காப்பாளருக்குத்தான் என்ன? அது ஒரே ஒருத்தருக்குத்தான் உயிர்ப் பிரச்சினை. டீயைத் தொட்டு ரெண்டு வருஷமான ஒருத்தரோட பிளாஸ்க்ல இன்னைக்கு வெந்நீர் பழுப்பா வந்துச்சு."

யாரும் பேராசிரியையைப் பார்க்கவில்லை. அதுவே பார்ப்பதைவிட மோசமாக இருந்தது.

"இது அபாண்டம்," என்றார் இயக்குநர், பலமில்லாமல். "ஆதாரம்?"

ஆமையார் அட்டை உறையைத் திறந்து எட்டு ஓவியங்களை எட்டு மண்டையோடுகளுக்குப் பக்கத்தில் வைத்தார். ஓவியத்தில் எட்டு விளிம்பும் வெளுப்பு. மேசையில் எட்டும் பழுப்பு. வெளியூர் ஆய்வாளர் ஈரப்பஞ்சால் ஒரு விளிம்பைத் தேய்த்தார். பஞ்சு தேநீர் நிறமானது.

"தோண்டினது நான்தான்," என்றாள் பேராசிரியை. யாரும் அவளைக் கேட்டிருக்கவில்லை. "முதல் குழி, முதல் வருஷம். மழை வரப்போகுதுன்னு அவசரம். எல்லாம் என் மண்வெட்டி. பத்து வருஷம் கழிச்சு இவர் கடிதம் வந்த பிறகுதான் எனக்கே தோணுச்சு. தப்புன்னு சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரலைங்க. பத்து வருஷம் மேடையில நின்னு பேசின வாய்." அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "நேத்து சாயங்காலம் ஒவ்வொண்ணா நனைச்சேன். முப்பத்திரண்டு மட்டும் நொய்ஞ்சு போயிருந்துச்சு. கையை விட்டு நழுவிடுச்சு. அதை எப்படி மறைக்கிறது? அந்தக் கொடிக் கூட்டம் ஞாபகம் வந்துச்சு. கண்ணாடியை உடைச்சேன், பெட்டியைக் கவிழ்த்தேன்."

"ஆனா மண்டையோட்டை வெறுந்தரையில வைக்கக் கை வரலை," என்றார் ஆமையார். "போகும்போது கதவையும் பூட்டிட்டீங்க."

"தினமும் பூட்டற கை. வீட்டுக்குப் போன பிறகுதான் உறைச்சுது."

"உறைச்ச பிறகும் காலையில வாயைத் திறக்கலை," என்றாள் கதவோரத்திலிருந்து காப்பாளரின் மனைவி. "அவரைப் பெஞ்சுல உட்கார வச்சுட்டு, 'அண்ணனுக்கும் தெரியும்'னு சொல்லத் தெரிஞ்சுதே, அந்த வாய்க்கு!"

பேராசிரியை காப்பாளரின் பக்கம் திரும்பினாள். "அண்ணே..."

"இனிமே அப்படிக் கூப்பிடாதீங்க மேடம்," என்றார் காப்பாளர். அன்று முழுவதும் அவர் சத்தமாகச் சொன்னது அதுதான்.

இயக்குநர் தொண்டையைச் செருமினார். "நீங்க வீட்டுக்குப் போகலாம்," என்றார் காப்பாளரிடம், ஏதோ வரம் கொடுப்பதுபோல. மன்னிப்பு என்ற சொல் அந்த மனிதரின் அகராதியில் இல்லை. இருந்திருந்தால் அன்றைக்குப் பயன்பட்டிருக்கும்.

"இந்த எட்டைத் தள்ளினாலும் என்னம்மா?" என்று வெளியூர் ஆய்வாளர் பேராசிரியையிடம் தணிந்த குரலில் கேட்டார். "மிச்சம் இருக்கிற பத்தை நான் சந்தேகப்படவே இல்லையே. அறுபத்தொண்ணுல பத்து. அதுவே சண்டைதான். உங்க வாதம் கொஞ்சம் சின்னதாகியிருக்கும், செத்திருக்காது. இனிமே அந்தப் பத்தை யார் நம்புவாங்க?"

"எட்டுன்னு சொன்னீங்க, ஒன்பதாச்சே," என்றார் மைத்துனர். எண்ணிக்கையில் மட்டும் அவர் தவறவே மாட்டார்.

ஆமையார் உறையில் மிச்சமிருந்த ஒரு படத்தை எடுத்தார். எடுத்தவர் உடனே கொடுக்கவில்லை. அவர் தயங்கி மைத்துனர் பார்த்ததில்லை. "இதை மதியமே பார்த்துட்டேன். சொல்லாம இருக்கலாமான்னுகூட நினைச்சேன்."

முப்பத்திரண்டாம் படம். இடப்பக்கம் நீண்ட வெட்டு. அதன் விளிம்பு கறுப்பு. ஓவியர் தன் பதினாலு பழுப்பிலும் அடர்ந்ததை எடுத்து அந்த விளிம்பை வரைந்திருந்தார்.

வெளியூர் ஆய்வாளர் ஒரு சில்லை எடுத்து உருப்பெருக்கியில் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "இது சாயம் இல்லை. மண்ணே உள்ளே ஏறி இறுகியிருக்கு. உண்மையான வெட்டு. அதனாலதான் நொய்ஞ்சு இருந்திருக்கு. நிழற்படத்துல வெளிச்சம் பட்டு வெளுப்பாத் தெரிஞ்சிருக்கு, நான் தப்பாப் பட்டியல்ல சேர்த்துட்டேன். முழுசா நேர்ல பார்த்திருந்தா, பதினொண்ணுன்னு நானே எழுதியிருப்பேன்."

பேராசிரியை அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இத்தனை வருடமும் அது மாடியில், ஓவியரின் அலமாரியில், அவள் அறையிலிருந்து இருபது படி தூரத்தில் இருந்தது. அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்திருந்தால் பார்ப்பவர்களுக்காவது கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"அது ஆம்பளையா, பொம்பளையா?" என்று கதவோரத்திலிருந்து கேள்வி வந்தது.

"பொண்ணும்மா," என்றார் வெளியூர் ஆய்வாளர். "இருபது வயசு இருக்கும்."

"அடப் பாவமே. அவளை ஒரு தடவை அடிச்சுக் கொன்னது போதாதா?"

காப்பாளர் ஒரு புதுப் பெட்டியை எடுத்துவந்து பஞ்சு பரப்பினார். பிறகு, இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக, குனிந்து சில்லுகளைத் தன் கையாலேயே பொறுக்க ஆரம்பித்தார். இயக்குநர் சொன்னபடி அவர் வீட்டுக்குப் போகலாம். ஆனால் பெட்டியை மூடாமல் போய் அவருக்குப் பழக்கமில்லை.

அவர் மனைவி கதவைத் தாண்டி உள்ளே வந்தாள். புடவையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு மேசைக்கு அடியில் கையை விட்டு, எல்லோர் கண்ணுக்கும் தப்பி மேசைக் காலோரம் கிடந்த ஒரு சில்லை எடுத்தாள். நகம் அளவுதான் இருந்தது. அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுப் பெட்டிக்குள் பஞ்சின் மேல் வைத்தாள்.

"நீ ஏன் தொட்டே?" என்றார் காப்பாளர்.

"பரவாயில்லை," என்றாள் அவள். "வீட்டுக்குப் போய் ரெண்டு பேருமே கையைக் கழுவிக்கலாம்."